சாலையின் உரிமையும் நம் பொறுப்பும்



சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் வகுப்பில் பாதையின் உரிமைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பாதையில் அமர்வோர் அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அவ்வுரிமைகளுள் ஒன்று என்பதையும் விளக்கினோம். அப்போது ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், நீங்க ஏன் வண்டியில ஹெல்மெட் போடுறதில்ல?" என்று கேட்டார். தலையிலிருந்த தொப்பியைத் தொட்டுக்காட்டி மழுப்பினோம். மற்ற மாணவர்கள் சிரித்தனர், கேட்டவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு அச்சட்டத்தைத் தேடிப் படித்தோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 129இல் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு அளிக்கிறது. தொப்பி அணிந்தோருக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை.

டெல்லியில் இயற்றப்படும் ஒரு சட்டம் நம் தெருவுக்கு எவ்வாறு வந்து சேருகிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். நாடாளுமன்றம் 2019இல் இச்சட்டத்தைத் திருத்தி அபராதங்களை உயர்த்தியது. ஆயினும் அந்த இடத்திலேயே வசூலிக்கப்படும் இணக்கத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தைப் பிரிவு 200 மாநில அரசுக்கு வழங்கியுள்ளது. தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளை அறிவித்தது. தலைக்கவசம் அணியாததற்கான 100 ரூபாய் 1,000 ரூபாயானது. வேக வரம்பை மாநில அரசோ அதன் அதிகாரம் பெற்ற அலுவலரோ நிர்ணயிக்கலாம். வாகனம் நிறுத்தும் இடங்களை உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 117. அடிப்படை ஒன்றாக இருக்க, காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப விவரங்கள் வகுக்கப்படும் இம்முறை, ஃபிக்ஹு பயின்றோருக்குப் புதிதன்று.

ஆனால் உள்ளாட்சி நடும் பலகையோடு அப்பயணம் முடிவதில்லை. அப்பலகையை மதிப்பவர் இருந்தால்தான் சட்டம் அவ்வூருக்கு வந்து சேர்ந்ததாகப் பொருள். ஜும்ஆ நாளில் 'வாகனங்களை நிறுத்தாதீர்' என்ற பலகையின் கீழேயே நம் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவ்வேளையில் ஒரு ஆம்புலன்ஸ் அவ்வழியே வர நேர்ந்தால், நம் தொழுகை யாருக்குத் தொல்லையாகும்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத மாணவர்கள் தந்தையின் பைக்கை ஓட்டிக்கொண்டு எமது மதரஸாவுக்கு வந்ததைப் பலமுறை பார்த்தும் மௌனமாக இருந்தோம். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமிழைத்தால், பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம் என்கிறது பிரிவு 199ஏ. அபராதத்தைவிடப் பெரியது, அப்பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பது.

ஓட்டுநர் உரிமம் பெறும்போது சாலை விதிகளைப் பேணுவதாக நாம் ஏற்கிறோம். அதுவும் ஓர் ஒப்பந்தமே. ஒப்பந்தங்களைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்பதைத் திருக்குர்ஆன் (17:34) நமக்கு உணர்த்துகிறது. 100 ரூபாய்க்கு அஞ்சாதவர் 1,000 ரூபாய்க்கு அஞ்சித் தலைக்கவசம் அணிந்தால், அவர் காத்தது உயிரையா, பணப்பையையா? இக்கேள்வியை முதலில் எம்மிடமே கேட்டுக்கொண்டோம்.

இப்போது தொப்பி சட்டைப்பையில் இருக்கிறது. பள்ளிவாசலின் வாயிலில் தலைக்கவசத்தைக் கழற்றிய பின் அதனை அணிகிறோம். உரிமம் இல்லாத மாணவர்கள் நடந்தோ சைக்கிளிலோ வர வேண்டும் எனப் பெற்றோரிடம் தெரிவித்தோம். சிலர் வருந்தினர், ஒருவர் கோபித்தார். அவர்களின் பிள்ளைகள் நலமாக வீடு திரும்புவதற்காக அந்தக் கோபத்தை ஏற்றுக்கொள்கிறோம்.

கேள்வி கேட்ட அம்மாணவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! சாலையின் உரிமையைப் பேணுவோராக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.