தோற்றதற்காக அல்ல இந்தக் கோபம்

கொஞ்சம் நீளமான பதிவு. கிரிக்கெட் பிடிக்காத சகோதரர்கள் தாண்டிப் போகலாம், குறை நினைக்க மாட்டேன்.

2025 பெப்ரவரியில் லாகூர் கடாபி மைதானத்தில் ஆப்கானிஸ்தான் இங்கிலாந்தை 8 ஓட்டங்களால் வென்று, சாம்பியன்ஸ் கிண்ணத்திலிருந்து வெளியே அனுப்பியது. இப்ராஹிம் சத்ரான் 177 ஓட்டங்கள். அஸ்மத்துல்லா ஒமர்சாய் 5 விக்கெட். நம்மட ஊர்ப் பொடியன்மார் வட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டுத் தள்ளிவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மைதானத்தைப் பார்க்கப் பார்க்க மனசு கனத்துப் போனது. 1996 மார்ச் 17ஆம் திகதி அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தைத் தூக்கியது அங்கேதான். அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டால் வென்ற நாள். அரவிந்த டி சில்வா 3 விக்கெட்டும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் அடித்த நாள். 2025இல் எட்டு நாடுகள் பாகிஸ்தானிலும் துபாயிலும் ஆடின. அந்த எட்டில் நாம் இருக்கவில்லை.

ஏன் இல்லை என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2023 உலகக் கிண்ணத்தில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்த அணிகளுக்குத்தான் இந்தப் போட்டியில் இடம். நாம் 9 மெட்ச் விளையாடி 2 வென்று ஒன்பதாம் இடத்துக்குப் போனோம். ஆறாம் இடத்தில் ஆப்கானிஸ்தான், எட்டாம் இடத்தில் பங்களாதேஷ். 2002இல் கொழும்பில் மழை பெய்து, இந்தியாவோடு நாம் பங்குபோட்டுக்கொண்ட அதே கிண்ணத்தைத்தான் 2025இல் டீவியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தோற்றதற்காக எனக்குக் கோபம் இல்லை. 2007இலும் 2011இலும் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் தோற்றோம். 2009இலும் 2012இலும் டி20 இறுதியில் தோற்றோம். நான்கு முறையும் கவலைப்பட்டோம், ஆனால் வெட்கப்படவில்லை. உயிரைக் கொடுத்து விளையாடித் தோற்றவர்களை யாரும் ஏசவில்லை. 2014இல் டாக்காவில் இந்தியாவை வென்று அந்தக் கடனை அவர்களே தீர்த்தார்கள்.

இப்போது நடப்பது வேறு. கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. நம்மட சொந்த பிரேமதாச மைதானம். 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்கு எல்லாரும் அவுட். டிக்கெட் எடுத்துப் போனவன் சீட்டில் சரியாக உட்காருவதற்குள் மெட்ச் முடிந்துவிட்டது. ஆறு கிழமை கழித்து மும்பை வான்கடேயில் 55க்குச் சுருண்டோம். ஒரு கட்டத்தில் 3 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். 2024 ஜூனில் டி20 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவிடம் 77.

பிறகு சனத் ஜயசூரிய பயிற்றுவிப்பாளராக வந்தார். ஓகஸ்ட்டில் இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று வென்றோம். இந்தியாவை ஓர் இருதரப்பு ஒருநாள் தொடரில் வென்று 27 வருடம் ஆகியிருந்தது. செப்டெம்பரில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை டெஸ்டில் வென்றோம். அதே மாதம் காலியில் நியூஸிலாந்துக்கு எதிராக 5 விக்கெட்டுக்கு 602 அடித்து, அவர்களை 88க்குச் சுருட்டினோம். நம்மட டீம் திரும்பி வந்துவிட்டது என்று எல்லாரும் எழுதினோம்.

இரண்டு மாதம் போனது. நவம்பர் 28, டேர்பன். 42 ஓட்டங்களுக்கு எல்லாரும் அவுட். 13.5 ஓவர். டெஸ்ட் வரலாற்றில் இலங்கை எடுத்த ஆகக் குறைந்த ஓட்டம்.

2025இல் காலியில் அவுஸ்திரேலியாவிடம் ஓர் இன்னிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும் தோற்றோம். நம்மட டெஸ்ட் வரலாற்றிலேயே மிகப்பெரிய தோல்வி. இரண்டு கிழமைக்குள் அதே அவுஸ்திரேலியாவை ஒருநாள் போட்டியில் 107க்குச் சுருட்டி 174 ஓட்டங்களால் வென்றோம்.

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்களும் பெற்றோரும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு தவணையில் கணக்குக்கு 90 எடுத்த பிள்ளை அடுத்த தவணையில் 20 எடுத்தால் என்ன நினைப்பீர்கள்? மண்டையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள். 90 எடுத்ததை நம்மட கண்ணால் பார்த்தோமே. வீட்டில் கொப்பியைத் திறப்பதில்லை, மனசு வந்தால் படிப்பான், வராவிட்டால் விட்டுவிடுவான் என்றுதான் சொல்வோம். நம்மட டீமின் வருத்தமும் அதுதான். திறமை இல்லாத டீமாக இருந்தால் இவ்வளவு கோபம் வராது. திறமை இருக்கிறது என்று அவர்களே அடிக்கடி நிரூபித்துவிட்டு, அடுத்த மாதம் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறார்கள்.

எல்லா டீமும் தோற்கும் என்று சொல்வார்கள். உண்மைதான். பெப்ரவரி 14ஆம் திகதி நம்மிடம் 107க்குச் சுருண்ட அவுஸ்திரேலியா, 22ஆம் திகதி லாகூரில் இங்கிலாந்து எடுத்த 351ஐத் துரத்தி வென்றது. எட்டே நாள். அவர்களும் விழுகிறார்கள். ஆனால் விழுந்த இடத்திலேயே படுத்துக் கிடப்பதில்லை.

நம்மவர்களுக்கும் அது தெரியாதது அல்ல. 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. நம்மட நாட்டில் நடக்கவிருந்த ஆசியக் கிண்ணத்தைக்கூட அந்த நெருக்கடியால் அமீரகத்துக்கு மாற்றினார்கள். முதல் மெட்ச்சில் ஆப்கானிஸ்தானிடம் 105க்குச் சுருண்டோம். அதற்குப் பிறகு ஐந்து மெட்ச்சையும் வரிசையாக வென்றார்கள். இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக 58க்கு 5 விக்கெட் போய்விட்டது. பானுக ராஜபக்ஷ 71 அடித்து 170க்குக் கொண்டு வந்தார். பந்துவீச்சின் முதல் ஓவரில், சரியான ஒரு பந்து போட முன்னமே நோபோலும் வைடுமாக 9 ஓட்டங்கள் போய்விட்டன. இன்றைய டீமாக இருந்தால் அங்கேயே தலை தொங்கியிருக்கும். அன்றைக்குத் தொங்கவில்லை. பிடிக்குப் பிடி பாய்ந்தார்கள், 23 ஓட்டங்களால் வென்றார்கள்.

அந்த இரவு எனக்கு வேறு ஒரு காரணத்துக்காகவும் முக்கியமானது. ‘முஸ்லிம்கள் பாகிஸ்தானுக்குத்தான் கை தட்டுவார்கள்’ என்ற கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 2019க்குப் பிறகு அந்தப் பேச்சின் சூடு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு எதிரில் நின்றது அதே பாகிஸ்தான்தான். நம்மட ஊர்ச் சந்தியில் இலங்கைக்காகத்தான் பட்டாசு வெடித்தது. யாருக்கும் நிரூபித்துக் காட்டுவதற்காக வெடிக்கவில்லை, சந்தோஷத்தில் வெடித்தார்கள். முரளியையும் டில்ஷானையும் மஹ்ரூபையும் ஒரே டீமில் பார்த்து வளர்ந்த நாடு இது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்காகக் கத்துவதற்கு நம்மிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? அதனால்தான் ‘சும்மா ஒரு விளையாட்டுத்தானே’ என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

விளையாட்டு வீரர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயம் இல்லை. பிள்ளை படிக்கவில்லை என்றால் வீட்டையும் பார்க்க வேண்டும். 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். கிரிக்கெட் சபைத் தேர்தலிலோ நீண்ட காலம் 140க்கு மேல் வாக்குகள். அந்த வாக்குகளைப் பிடிப்பதே ஒரு தொழில். முதற்தரக் கழகங்களில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதைச் சுற்றியும். 1996 வெற்றிக்குப் பிறகு காசும் அதிகார ஆசையும் சபைக்குள் எப்படி நுழைந்தன என்று குமார் சங்கக்கார 2011இல் லோர்ட்ஸ் மைதானத்தில் உலகத்துக்கு முன்னால் பேசினார். பேசியதற்காக அவர் மீதே விசாரணை என்று அன்றைய அமைச்சர் கிளம்பினார். சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு, சொன்னவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

2021இல் இங்கிலாந்தில் கொரோனா விதிகளை மீறி இரவில் வெளியே சுற்றிய மூன்று வீரர்களுக்கு ஒரு வருடத் தடை போட்டார்கள். ஆறு மாதம்கூட நிறையவில்லை, தடையை நீக்கிவிட்டார்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இப்படித் தண்டனை கொடுத்து இப்படி எடுத்தால், மற்ற நாற்பது பிள்ளைகளும் என்ன பாடம் படிக்கும்?

ஆக மோசமானது 2023 நவம்பர். வான்கடே தோல்விக்குப் பிறகு அமைச்சர் சபையைக் கலைத்தார். அடுத்த நாளே நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்த வாரமே, அரசாங்கத் தலையீடு என்று சொல்லி சர்வதேச கிரிக்கெட் சபை இலங்கையை இடைநிறுத்தியது. மாத முடிவில் அமைச்சரின் பதவியும் போனது. பெரியவர்கள் எல்லாரும் வழக்கும் பேட்டியுமாக இருந்தார்கள். நட்டப்பட்டது யார்? 2024 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் நம்மட நாட்டில் நடக்க இருந்தது. அது தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. சொந்த மண்ணில், உம்மா வாப்பா பார்த்துக்கொண்டிருக்க ஓர் உலகக் கிண்ணம் விளையாடும் சந்தர்ப்பம் அந்தப் பொடியன்மாருக்கு இனி வராது. அடுத்த முறை வரும்போது அவர்களுக்கு வயது கடந்திருக்கும். அதற்கு யாராவது மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இதை ஏன் ஓர் ஆசிரியன் எழுத வேண்டும்? போன கிழமை பத்தாம் தரப் பிள்ளைகளிடம் இலங்கை அணியைப் பற்றிக் கேட்டேன். ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அவனுகள் எப்பிடியும் தோத்துருவானுகள் சேர். நான் ஆப்கானிஸ்தான்.” வகுப்பே சிரித்தது. ஆப்கானிஸ்தானை ஆதரிப்பதில் ஒரு பிழையும் இல்லை. அகதி முகாம்களில் கிரிக்கெட் பழகிய மக்கள் அவர்கள். சொந்த நாட்டில் ஒரு சர்வதேச மெட்ச் நடத்த முடியாமல், அமீரகத்திலும் இந்தியாவிலும் மைதானம் கேட்டு விளையாடுகிறார்கள். காசு இல்லை, வசதி இல்லை என்று நம்மவர்கள் சொல்லும் எந்தச் சாட்டும் அவர்களுக்கு முன்னால் எடுபடாது. எனக்குக் கவலை தந்தது அந்தப் பிள்ளை சிரித்த விதம்தான். ஏமாந்த முகமாவது இருந்தால் எதிர்பார்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். அவனுக்கு எதிர்பார்ப்பே இல்லை. முயற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான், கேட்க ஆளில்லை என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனசில் விழுந்துவிட்டால், அது கிரிக்கெட்டோடு நிற்காது. பாடத்துக்கும் தொழிலுக்கும் நாட்டுக்கும் போகும்.

நாங்கள் கிண்ணம் கேட்கவில்லை. பவுண்டரிக்குப் போகும் பந்தைக் கடைசி வரை துரத்தி ஓடுங்கள். முதல் 3 விக்கெட் போனால் அடுத்து வருபவர் நின்று ஆடிக் காட்டுங்கள். தோற்றால் ஏன் தோற்றோம் என்று மக்களுக்கு நேராகச் சொல்லுங்கள். சபையில் இருப்பவர்களே, தண்டனை போட்டால் அதில் நில்லுங்கள், அல்லது போடாதீர்கள். இதற்கெல்லாம் வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளரும் தேவையில்லை, கோடிக்கணக்கில் காசும் தேவையில்லை.

கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலின் பெறுமதி நமக்குத் தெரியும். ஒருநாள் மட்டும் தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு அடுத்த நாள் சுப்ஹையே விடுகிறவனை யாரும் புகழ மாட்டார்கள். நம்மட டீமிடம் இல்லாமல் போனது அந்த விடாமல் செய்யும் குணம்தான். அது திரும்பி வரட்டும். அதற்குப் பிறகு தோற்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் நிற்போம்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். ஆளுக்கு ஆள் ஏசாமல் எழுதுங்கள், என்னுடைய மாணவர்களும் வாசிக்கிறார்கள்.