மூன்று புல்

அன்று வகுப்பில் நான் எழுதிய தொடரைப் படித்துவிட்டு ஆசிரியை சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு பலகையில் ஒரு மாட்டை வரைந்தார். அதன் வாயருகே தீ கொழுந்துவிட்டு எரிவதாகவும் வரைந்தார். வகுப்பே சிரித்தது. ‘மாடு புல் தின்கிறது’ என்று அவர் கொரிய மொழியில் சொன்னதைக் கேட்டு, ‘மாடு நெருப்பைத் தின்கிறது’ என்று நான் எழுதியிருந்தேன்.

தவறு எங்கே நேர்ந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. கொரிய மொழியில் நெருப்புக்குப் பெயர் ‘புல்’. கொம்புக்கும் ‘புல்’. வியப்பு என்னவென்றால், புல்லுக்குப் பெயரும் ‘புல்’தான்! தமிழெழுத்தில் எழுதினால் மூன்றும் இப்படித்தான் அமையும். கொரியரின் செவிக்கோ இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். நெருப்பை இயல்பாக ஒலிக்க வேண்டும். புல்லை மூச்சை வெளியே தள்ளி ஒலிக்க வேண்டும். கொம்பைத் தொண்டையை இறுக்கி, மூச்சை அடக்கி ஒலிக்க வேண்டும். ஆசிரியை மூன்றையும் பத்து முறை சொல்லிக் காட்டினார். பத்து முறையும் என் காதில் ஒரே புல்தான் முளைத்தது.

நான் ஆரணியைச் சேர்ந்தவள். கமண்டல நாகநதியின் கரையில் உள்ள எங்கள் ஊரில், சேவல் கூவும் முன்பே தறியோசை எழுந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் உண்டு. அண்ணன் துணிக்கடை வேலைக்குச் சென்ற பிறகு ஒன்று ஓய்ந்தது. மற்றொன்றில் அப்பா பட்டுச் சேலை நெய்கிறார்; அம்மா தார் சுற்றித் தருகிறார். பட்டப்படிப்பை முடித்த கையோடு நான் கொரிய மொழி கற்கப் போகிறேன் என்றதும் தெருவில் பலரும் காரணம் கேட்டனர். காரணம் எளியது. திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. அதையொட்டிக் கொரிய நிறுவனங்கள் பல வந்து சேர்ந்தன. இரு மொழியும் அறிந்தவர்க்கு அங்கே வேலை உண்டு. அப்பா மட்டும் காரணம் கேட்கவில்லை. நாடாவை ஓட்டியபடியே, “அப்போ ரெண்டாவது தறியப் பிரிச்சுடலாமாம்மா?” என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமைதோறும் செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் சென்று கற்றேன். எழுத்துகளைக் கற்க ஒரு வாரமே ஆயிற்று. இது என் திறமையன்று; அவ்வெழுத்தை அமைத்தவரின் திறமை. கொரியர் நெடுங்காலம் சீன எழுத்துகளைக் கொண்டே எழுதி வந்தனர். அவற்றைக் கற்க எளிய மக்களுக்கு வாய்ப்பும் இல்லை, நேரமும் இல்லை. அந்நிலையில் சேஜோங் மன்னர் 1443இல் புதிய எழுத்துகளை உருவாக்கி, 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். ‘ஹங்குல்’ எனப்படும் அவ்வெழுத்துகளில் இன்று அடிப்படையானவை 24. அவற்றுள் மெய் 14, உயிர் 10. ககரத்தின் வடிவம், தொண்டையை அடைக்கும் நாவின் அடிப்பகுதியைக் காட்டுகிறது. நகரத்தின் வடிவம், மேலெழுந்து அண்ணத்தைத் தொடும் நாநுனியைக் காட்டுகிறது. மகரம் வாயைக் காட்டும் ஒரு சதுரம். இவ்விளக்கம் அடங்கிய 1446ஆம் ஆண்டு நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1940இல்தான் மீண்டும் கிடைத்தது.

இதை ஆசிரியை சொன்னபோது, பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த தொல்காப்பியப் பிறப்பியல் நினைவுக்கு வந்தது. நெஞ்சு, மிடறு, நா, அண்ணம், பல், இதழ் என ஒலி பிறக்கும் இடங்களை நம் இலக்கணம் எவ்வளவோ காலத்துக்கு முன்பே வகுத்துரைத்தது. அங்கே விதியாகப் படித்ததை இங்கே ஓவியமாகக் கண்டேன். கொரியப் பகரமோ, நம் ‘ப’ எழுத்தின் நடுவே ஒரு குறுக்குக் கோடு இட்டாற்போல் இருக்கும். இது தற்செயல் ஒற்றுமை என்று அறிவேன். ஆயினும் அறிமுகமற்ற ஊரில் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் இருந்தது.

உண்மையான உறவு இலக்கணத்தில் தென்பட்டது. ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்பதை அவர்கள் ‘ஹக்க்யோஎ கயோ’ என்பர். ‘ஹக்க்யோ’ பள்ளி, ‘எ’ நம் நான்காம் வேற்றுமை உருபு போன்றது, வினை கடைசியில் வரும். ‘யோ’ என்னும் ஈறு, நம் பேச்சில் ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்பவற்றில் உள்ள ‘ங்க’ போல மதிப்பைச் சுமந்து நிற்கும். அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. நாம் ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். சாப்பாட்டைக் கண்ணாலா பார்க்கிறோம்? முயன்று அறிவதைப் ‘பார்’ என்னும் துணைவினையால் உணர்த்துகிறோம். கொரியரும் ‘மொகொ ப்வாயோ’ என்று, உண்ணுதலோடு பார்த்தலைச் சேர்த்தே சொல்வர். பிறர்க்காகச் செய்வதைக் குறிக்கக் ‘கொடு’ என்னும் வினையைச் சேர்க்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ‘செய்து கொடு’ என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் இதை ஆங்கிலத்தின் வழியாக விளங்கிக்கொள்ளத் திணறியபோது, எனக்குச் சிறிது செருக்கும் உண்டாயிற்று.

அச்செருக்கு அளவு கடந்ததும் உண்டு. தமிழிலிருந்தே கொரிய மொழி பிறந்தது என்று ஒருநாள் வகுப்பில் முழங்கினேன். ‘அம்மா’வும் ‘அப்பா’வும் அங்கே ‘ஒம்மா’, ‘அப்பா’ என வழங்குவதைச் சான்றாகக் காட்டினேன். ஆசிரியை மறுக்கவில்லை, படித்து வரச் சொன்னார். படித்தேன். கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். ஆனால் அவ்வுறவை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. குழந்தை முதலில் ஒலிப்பவை இதழொலிகளே. ஆதலால் தாய் தந்தையைக் குறிக்கும் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒத்திருக்கின்றன. உறவு நிறுவப்படாவிட்டால் என்ன? பக்கத்து வீட்டாரோடு பழகக் குருதியுறவு வேண்டுமா?

சரி, புல்லுக்கு வருகிறேன். சொல்லின் முதலில் வரும் ககரத்தையும் இடையில் வரும் ககரத்தையும் நாம் ஒரே எழுத்தால் எழுதி, வேறு வேறாக ஒலிக்கிறோம். ‘கடல்’, ‘தங்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். கொரிய மொழியிலும் அப்படியே. அதுவரை என் காது எனக்குத் துணை நின்றது. மூச்சொலியும் இறுக்கவொலியும் வந்தபோது கைவிட்டது. ஆசிரியைக்கும் இத்தகைய இடர் ஒன்று இருந்தது. அவர் மொழியில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் சேர்த்து ஒரே எழுத்துத்தான். தமிழ் கற்கத் தொடங்கியிருந்த அவர், “நான் பல்லிக்குப் போகிறேன்” என்று சொன்னபோது, மாட்டுக்கும் நெருப்புக்கும் கணக்குத் தீர்ந்தது.

தேர்வில் அது விளையாட்டாக இருக்கவில்லை. கொரிய மொழித் திறன் தேர்வின் தொடக்கத் தாளுக்கு மொத்தம் 200 மதிப்பெண். இரண்டாம் நிலைக்கு 140 வேண்டும். எனக்குக் கிடைத்தவை 127. படித்தறியும் பகுதி காப்பாற்றியது. கேட்டறியும் பகுதி கவிழ்த்தது. வீட்டுக்கு வந்து, ஓய்ந்து கிடந்த தறியின் ஓரத்தில் அமர்ந்து, மூன்று புல்லையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா தறிக்குழியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“என்னம்மா, ஒண்ணையே சொல்ற?”

“மூணுப்பா. மூணும் வேற வேற. காதுல விழ மாட்டேங்குது.”

அவர் ஒரு பட்டிழையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உருட்டினார். இழையின் கனத்தை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை. “காதுல விழலன்னா வேற எதுலயாவது புடிச்சுப் பாரு” என்றார்.

‘புடிச்சுப் பாரு.’ இங்கும் அந்தப் பார்!

அவர் கையிலிருந்த இழையை வாங்கி, உதட்டுக்கு எதிரே தொங்கவிட்டேன். நெருப்பைச் சொன்னேன்; இழை சற்றே அசைந்தது. மூச்சைத் தள்ளிப் புல்லைச் சொன்னேன், துள்ளி விலகியது. கொம்பைச் சொன்னபோதும் துள்ளியது. தொண்டையை இறுக்கி மீண்டும் சொன்னேன். நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ, இழை அசையாமல் நின்றது. வாய் கற்றதைக் காது கற்க மேலும் மூன்று மாதம் பிடித்தது. அந்த இழையைப் புத்தகத்துக்குள் வைத்தே பேருந்தில் எடுத்துச் சென்றேன்.

ஒருநாள் மாலை அப்பா கேட்டார்: “அவங்க ஊர்ல பாவுக்கு என்ன பேரு?” வகுப்பில் யாரும் சொல்லித் தராத சொல் அது. அகராதியில் தேடினேன். நூலிழைக்குச் ‘சில்’ என்று பெயர், பாவு ‘நல்சில்’, ஊடை ‘ச்சிசில்’. ஊடையின் முதலொலி, கொம்பைப் போல இறுக்கிச் சொல்ல வேண்டிய ஒலி. அப்பா நாடாவை ஓட்டி, பண்ணையை இழுத்து அடித்தபடி இரண்டையும் சொன்னார். நான் திருத்தினேன். அவர் மீண்டும் சொன்னார்.

இரண்டு சொற்களையும் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டாவது தறியின் கம்பத்தில் எழுதிவைத்தேன். அதைப் பிரிப்பது பற்றி அவர் பிறகு கேட்கவில்லை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.