பதில் சொல்லாத பெட்டி

எங்கள் ஊரில் முதன்முதல் ரீ.வி. வந்த வீட்டில் றிமோட் இருக்கவில்லை. நாங்கள்தான் றிமோட். பெரியவர்கள் கதிரையில் இருப்பார்கள். பாயில் இருக்கும் சிறுவர்களில் ஒருவன் எழும்பிப் போய்ச் சத்தத்தைக் கூட்டவேண்டும், குறைக்கவேண்டும், பாங்கு சொன்னால் நிறுத்தவேண்டும். அப்படி நடந்து பழகியதாலோ என்னவோ, றிமோட் என்ற சாமானை நான் ஒருநாளும் பெரிதாக மதித்ததில்லை. 2020ஆம் ஆண்டு அது எனக்கொரு பாடம் படிப்பித்தது.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்தபின் எனது சேவைக்காலத்தில் பெரும்பகுதி எட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளிலேயே கழிந்திருக்கிறது. அந்த வருடம் ஐந்தாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியர். மார்ச்சில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பிறகு நேத்ரா அலைவரிசையில் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பானபோது, நான் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் எடுத்து, பார்த்தீர்களா என்று விசாரிப்பேன்.

ஒரு பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய பாட்டியின் போனுக்கு எடுத்தேன்.

"வீட்டில ரீ.வி. இருக்கா?"

"இருக்குங்க சேர்."

"பாடம் பார்த்தியா?"

மௌனம். அடுத்த கிழமையும் அதே கேள்வி, அதே மௌனம். "ரீ.வி. இருந்தும் பார்க்காத பிள்ளைக்கு நான் என்ன செய்ய?" என்று ஏசிவிட்டுப் போனை வைத்தேன். நோன்பு மாதம். அன்றைய நோன்பு எனக்கு வயிற்றோடு மட்டும் நின்றுவிட்டது.

பெருநாள் கழிந்து, ஊரடங்கும் தளர்ந்தபின், பயிற்சித் தாள்களை எடுத்துக்கொண்டு லயங்களுக்குப் போனேன். அவளுடைய வீட்டிலும் ஏறினேன். கூரைத் தகரத்துக்குப் பக்கத்தில் டிஷ் அன்ரனா. உள்ளே பழைய பெருத்த ரீ.வி. பக்கத்தில் டிஷ் பெட்டி பச்சை வெளிச்சத்தோடு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. திரையிலோ வெறும் புள்ளிகள்.

"கரண்டு போயி வந்துச்சுங்க சேர். அன்னையிலிருந்து இப்படித்தான் கெடக்கு" என்றார் பாட்டி. மகனும் மருமகளும் கொழும்பில் வேலை, அங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். டிஷ் பெட்டியின் படம் வயர் வழியாக வருகிறது. அதைக் காட்ட ரீ.வி.யை 'ஏ.வி.' என்ற நிலைக்கு மாற்றவேண்டும். இந்தப் பழைய ரீ.வி.யோ மின்சாரம் போய் வந்தால் அந்த நிலையை மறந்துவிடும். பக்கத்திலிருந்த பொத்தான்கள் உள்ளே விழுந்திருந்தன. ரீ.வி.யோடு வந்த றிமோட் எப்போதோ உடைந்துவிட்டது. ஊரடங்கு தளர்ந்த ஒரு நாளில் பாட்டி எல்லா ரீ.வி.க்கும் பொதுவான றிமோட் ஒன்றை வாங்கி வந்திருந்தார். குறியீட்டு எண்கள் அச்சிட்ட தாள் அடுப்புக்குப் போய்விட்டது. ஒரே ஒரு பொத்தானுக்காக ஒரு பிள்ளையின் வகுப்பறை இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடந்திருக்கிறது.

நான் றிமோட்டை வாங்கி அழுத்தினேன். பதில் இல்லை. பலமாக அழுத்தினேன். எல்லோரும் செய்வது அதைத்தான். வகுப்பில் பிள்ளை விழித்தால் குரலை உயர்த்துவதும் அதே பழக்கம்தான். பிறகு புத்தி வந்து, தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் பெற்றரி. புதிதுதான், ஆனால் ஒன்று தலைமாறிப் போடப்பட்டிருந்தது. கம்பிச் சுருளில் இலேசான கறை. அவளிடம் அழிறப்பர் கேட்டுத் தேய்த்தேன். இறப்பர் தோட்டத்தில் அதற்கா பஞ்சம் என்று பாட்டி சிரித்தார். பெற்றரியைப் போடுமுன் எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை அழுத்தி, ஒரு நிமிடம் வைத்தேன். உள்ளே மிஞ்சிய மின்சாரம் வடிந்தால் குழம்பிய சுற்று புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது, றிமோட் பேசுகிறதா? அதன் அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. போன் கமராவுக்குத் தெரியும். பின்பக்கக் கமரா சிலவேளை அதை வடிகட்டிவிடும் என்பதால் முன்பக்கக் கமராவைப் பிடித்து, பொத்தானை அழுத்தச் சொன்னேன். திரையில் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு புள்ளி மின்னியது. "பத்துது சேர்!" என்றாள். அன்று அவள் வாய்திறந்தது அப்போதுதான்.

றிமோட் பேசுகிறது, ஆனால் ரீ.வி.க்கு விளங்கும் மொழியில் அல்ல. 1955இல் அமெரிக்காவில் ஸெனித் நிறுவனத்தின் யூஜின் பொலி ஒளியால் இயங்கும் முதல் றிமோட்டைச் செய்தபோது, வெயில் பட்டாலும் ரீ.வி. தானாக அலைவரிசை மாறியதாம். அந்தத் தொல்லை வராமலிருக்க, இப்போதைய றிமோட் தன் ஒளியைச் செக்கனுக்குப் பெரும்பாலும் 38 ஆயிரம் தடவை துடிக்கவிடுகிறது. அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதில்தான் கட்டளை இருக்கிறது. அந்த ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேறு. பொது றிமோட்டுக்குள் பல கம்பனிகளின் மொழிகள் இருக்கின்றன. எது நமது என்று நாம்தான் சொல்லவேண்டும்.

தாள் இல்லாவிட்டால் தேடவேண்டும். 'செற்' பொத்தானைச் சிவப்பு வெளிச்சம் நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடித்தோம். பிறகு ரீ.வி.யை நோக்கியபடி 'பவர்' பொத்தானை ஒவ்வொரு தடவையாக மெதுவாக அழுத்தவேண்டும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு மொழி போகும். ரீ.வி. அணைந்த கணத்தில் நிறுத்தி, 'செற்'றை அழுத்தினால் அந்த மொழி பதிவாகும். அவள் அழுத்தினாள், நான் எண்ணினேன். நாற்பதைத் தாண்டி ரீ.வி. அணைந்தது. சந்தோஷத்தில் இன்னொருமுறை அழுத்திவிட்டாள், மொழி கடந்துபோய்விட்டது. முகம் வாடியது. "பரவாயில்ல மகள், திரும்பத் தொடங்குவம்" என்றேன்.

இரண்டாம் முறை பிடித்துவிட்டோம். சத்தம் கூடியது, குறைந்தது. ஆனால் 'ஏ.வி.' வேலை செய்யவில்லை. ஒரே மாதிரியான மொழிகள் ஒன்றுக்குமேல் இருக்கும். சில பொத்தான்கள் மட்டும் இயங்கினால் தேடலைத் தொடரவேண்டும். தொடர்ந்தோம். இன்னும் சில அழுத்தல்களில் ரீ.வி. மறுபடி அணைந்தது. 'ஏ.வி.'யை அழுத்தியதும் படம் வந்தது.

இவ்வகை மலிவு றிமோட் பெற்றரி மாற்றும்போது எல்லாவற்றையும் மறந்துவிடக்கூடும். அதனால் செய்த வேலையை வரிசையாகக் கொப்பியில் எழுதச் சொல்லி, ஒருமுறை வாய்விட்டு வாசிக்கவும் வைத்தேன். பிறகு கேட்டேன்:

"போன்ல கேட்டப்போ ஏன் சொல்லல்ல?"

"ரீ.வி. இருக்கான்னுதானே கேட்டீங்க சேர்."

எனக்குப் பதில் இருக்கவில்லை. அன்றைக்கு ஏசியது என் பிழை என்று பாட்டிக்கு முன்னாலேயே சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாட்டி அவசரமாகத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

2020 ஒக்டோபர் 11ஆம் திகதி புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது. அவள் வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. அந்த இரண்டு மாதப் பாடம் கிடைத்திருந்தால் எட்டியிருப்பாளோ, அல்லாஹ்தான் அறிவான். ஒரு பிள்ளை பதில் சொல்லாதபோது என் கேள்வியைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். வயது நாற்பதானபிறகு கற்ற பாடம்.

அவள் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். போன மாதம் அந்த லயத்துப் பக்கம் போயிருந்தேன். யார் வீட்டு றிமோட் பழுதானாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். அந்தப் பழைய கொப்பியை இன்னும் வைத்திருக்கிறாள்.