பெயர் சொல்லும் தொழில்

அறிவிப்பாளருக்கு வேண்டியது குரல்வளம் என்று நினைத்துக்கொண்டு வரும் இளைஞர்களை நிறையச் சந்திக்கிறேன். குரல் வேண்டும்தான். ஆனால் கலையகத்துக்குள் உட்கார்ந்த பிறகு நாள் முழுக்கச் செய்கிற வேலை என்னவென்று பார்த்தால், பிறருடைய பெயர்களைச் சொல்வது. பாட்டை எழுதியவர் பெயர், இசையமைத்தவர் பெயர், பாடியவர் பெயர், அதைக் கேட்டு அஞ்சலட்டை போட்ட நேயரின் பெயர், அவருடைய ஊர், அவர் வாழ்த்தச் சொன்ன மருமகளின் பெயர். கொழும்பில் வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் வேலை செய்திருக்கிறேன். இதைவிடப் பொறுப்பான வேலை இந்தத் துறையில் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

இதை வழக்கமாக்கிவிட்டுப் போனவர்கள் இலங்கை வானொலியின் மூத்த அறிவிப்பாளர்கள். 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலி 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. அடுத்த ஆண்டு அதன் வர்த்தக சேவை பிறந்தது. 1952இல் இந்தியாவில் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் போனது. 1957இல் அதே வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி வரும்வரைக்கும், வந்த பிறகும் நெடுங்காலம், தமிழ்நாட்டு வீடுகள் கொழும்பு அலைவரிசையைத் தேடிப் பிடித்துக் கேட்டன. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் பெயர் கடலின் இரு கரையிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது அப்படித்தான். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இசைத்தட்டைச் சுழலவிடுவதற்கு முன்போ பின்போ படம், இயற்றியவர், இசை, குரல் என்று நான்கையும் சொல்வார்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் கவிஞரின் பெயர் இல்லாவிட்டால் தேடிப்பிடித்துச் சொல்வார்கள்.

சின்ன வேலையாகத் தெரியலாம். 1957இல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் டி.எம். சௌந்தரராஜன் பாடும் உழவுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வயலும் மாடும் வந்தாலே அது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எழுதியவர் மருதகாசி. இசை கே.வி. மகாதேவன். இந்த இரண்டு பெயரையும் சொல்ல மூன்று வினாடி போதும். மூன்று வினாடி மிச்சம் பிடிப்பதற்காக ஒரு கவிஞரிடமிருந்து அவருடைய பாட்டைப் பறிப்பது எந்தக் கணக்கில் சேரும்?

பெயர் சொல்வதில் மிகக் கடினமானது மரண அறிவித்தல். இலங்கைத் தமிழரின் வாழ்க்கையில் வானொலிக்கு இருந்த இடம் இதைக் கேட்டால்தான் விளங்கும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் மட்டக்களப்பில் இருக்கும் மகளுக்கும் பதுளையில் இருக்கும் தம்பிக்கும் செய்தி போய்ச் சேர அன்று அதுதான் வழி. கேட்டுவிட்டு அன்றிரவே ரயில் ஏறியவர்கள் எத்தனையோ பேர். காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னார் இன்னாரின் அருமைத் தந்தையும், மாமனாரும், பேரனாரும் என்று ஒரே வாக்கியமாக நீண்டு போகும். நடுவில் மூச்சு வாங்கினால் கேட்பவருக்கு யார் மகன், யார் மருமகன் என்பது குழம்பிவிடும். எனவே தாளைக் கையில் வாங்கியதும் உறவுமுறை முடிகிற இடங்களில் மட்டும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுக்கொள்வேன். மூச்சு அங்கேதான். குரலில் துக்கம் ஏற்றக் கூடாது. துக்கம் அந்த வீட்டாருடையது. நாங்கள் அதை நடித்துக் காட்டினால் அவமதிப்பாகிவிடும். விரைவும் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் எங்கோ ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தன் பெயருக்காகக் காத்திருக்கிறார்.

அந்த வாக்கியத்துக்குள்ளேயே எங்கள் சரித்திரமும் மாறியது. முன்பெல்லாம் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் கொழும்பு, கண்டி, திருகோணமலை என்று இருக்கும். பிறகு லண்டன், பாரிஸ், டொரன்டோ, சூரிச் என்று வரத் தொடங்கின. ஒரு தகப்பனின் பிள்ளைகள் ஐந்து நாடுகளில் இருப்பதை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியிருந்தது.

ஊர்ப் பெயர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஏழாலை என்று சொல்லிப் பாருங்கள்: ழகரத்திலிருந்து லகரத்துக்கு நாக்கு உடனே இறங்க வேண்டும். அளவெட்டி, வாழைச்சேனை, பொகவந்தலாவை ஒவ்வொன்றும் நாக்குக்கு ஒவ்வொரு வேலை கொடுக்கும். மலையகத்திலிருந்து வரும் கடிதங்களில் தோட்டத்தின் பெயர், அதில் மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பது வரை எழுதியிருப்பார்கள். அதை ஒரு எழுத்தும் விடாமல் வாசிக்க வேண்டும். லயத்து அறையில் இருக்கும் அந்த நேயருக்கு நாடு முழுதும் தன் முகவரி கேட்கும் ஒரே தருணம் அது. பாத்திமா என்று எழுதியிருந்தாலும் முஸ்லிம் நேயரின் வீட்டில் எப்படி அழைப்பார்களோ அப்படி உதட்டைப் பல்லால் தொட்டுச் சொல்ல வேண்டும். பகரம் வேறொரு தொல்லையும் தரும். ஒலிவாங்கிக்கு நேர் எதிரே வாயை வைத்துப் பரமேஸ்வரி என்றால் காற்று போய் முட்டி வெடிக்கும். முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் போதும்.

இந்தக் கட்டுப்பாட்டை வானொலியிலிருந்து மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் சேதமில்லாமல் கொண்டுபோனவர் பி.எச். அப்துல் ஹமீத். கொழும்பில் பிறந்து, சிறுவர் நிகழ்ச்சி வழியாக வானொலிக்குள் வந்தவர். நாடகம், விளம்பரம், பாட்டு என்று எல்லாவற்றிலும் இருந்தார். இலங்கை வானொலியில் அவர் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’, 1990களில் சன் தொலைக்காட்சிக்குப் போனபோது தமிழ்நாடு முழுதும் பார்த்தது. ஓர் எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் பாட்டைப் பாடச் சொல்வதுதான் விளையாட்டு. அதை மற்றவர்களும் நடத்தியிருக்கிறார்கள். ஹமீத் அண்ணன் நடத்தும்போது பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் மேடைக்கு வந்துவிடுவார்கள்: இது இன்னார் எழுதியது, இன்ன படம் என்று. போட்டியாளர் தடுமாறினாலும் அவர் அவசரப்படுத்தமாட்டார். மேடையில் தலைகுனிய விடமாட்டார்.

அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டிருக்கிறேன். யார் வந்தார், எங்கிருந்து வந்தார், என்ன நடந்தது என்பதில் ஒன்றும் தவறிப்போகாது. தொலைக்காட்சியில் இருக்கும் எந்த அறிவிப்பாளரையும் எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

இலங்கை வானொலியின் இன்னோர் அறிவிப்பாளரான கே.எஸ். ராஜாவின் வழி முற்றிலும் வேறு. மின்னல் வேகம். திரைப்பட வசனத் துண்டுகளைத் தன் கேள்விகளுக்குப் பதிலாக வெட்டி ஒட்டி, படத்தின் விளம்பரத்தையே ஒரு நாடகமாக்கிவிடுவார். ஆனால் அந்த வேகத்திலும் ஒரு மெய்யெழுத்துகூட நசுங்காது. 1994இல் அவரைக் கொன்றார்கள். அந்தக் குரலைப் போலச் செய்து பார்த்தவர்கள் பலர். வேகம் வந்தது, தெளிவு வரவில்லை.

தொலைக்காட்சியில் திரையின் அடியில் பெயர் எழுத்தில் ஓடுகிறது. அதனால் இளம் அறிவிப்பாளர்கள் பெயரைச் சொல்வதையே விட்டுவிடுகிறார்கள். ஆனால் தொலைக்காட்சியைப் பாதிப் பேர் கேட்கத்தான் செய்கிறார்கள். அடுப்படியில் நிற்கும் அம்மா, கண் மங்கிய தாத்தா, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகாத பிள்ளை. காதுக்குள் தயாரிப்பாளர் இன்னும் இருபது வினாடி என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது முதலில் நழுவுவது விருந்தினரின் பெயர்தான். கையில் இருக்கும் அட்டையில் கேள்விகளைச் சின்னதாகவும் பெயரைப் பெரிதாகவும் எழுதிக்கொள்ளுங்கள் என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்கிறேன். ஒலிப்பதிவுக்கு முன்னால் விருந்தினரையே ஒருமுறை தன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதுதான் சரியான உச்சரிப்பு.

இப்போது பாட்டுகள் கணினிக்குள் இருக்கின்றன. படம், பாடகர், ஆண்டு என்று வரும் கட்டங்கள் நிரம்பியிருக்கும். இயற்றியவர் என்ற கட்டம் பெரும்பாலும் காலி. நானும் இரண்டு இளையவர்களும் ஓய்வு நேரத்தில் அதை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். பழைய பாட்டுப்புத்தகங்கள் கைகொடுக்கின்றன. அவற்றில் சிலவற்றின் முகப்பில் நான்கைந்து கவிஞர்களின் பெயர் ஒரே வரியில் இருக்கும். எது யாருடைய பாட்டு என்று உள்ளே இருக்காது. அப்படிப்பட்டவற்றைத் தனியே எடுத்து வைத்து, மூத்த அறிவிப்பாளர்களையும் இசைத்தட்டு சேகரிப்பவர்களையும் கேட்கிறோம். உறுதியாகாதவரை கட்டத்தைக் காலியாகவே விடுகிறோம். ஊகித்து எழுதிய பெயர் ஒருமுறை ஒலிபரப்பாகிவிட்டால் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. 1950களின் படங்களில் இப்போது நிற்கிறோம்.