பனியும் ஜீப்பும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். கேமராவோடு முதல் தடவை ஏறுகிற விஸ்காம் மாணவர் யாராக இருந்தாலும் முதலில் எடுப்பது பனியைத்தான். அப்புறம் வளைந்து வளைந்து போகிற ரோடு. பின்னணியில் ஒரு புல்லாங்குழல். ஐந்து நிமிடக் குறும்படம் ரெடி! பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும், தப்பில்லை.

ஆனால் அதே ரோட்டில் காலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள், எல்லை தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் பெண்கள். ஏலச்செடி ஆளை விட உயரமாக வளரும், ஆனால் காய்ப்பதென்னவோ அடியில், தரையை ஒட்டிய சரத்தில். அதனால் குனிந்தோ குத்த வைத்தோதான் பறிக்க முடியும். அதுவும் முற்றின காயாகப் பார்த்து, ஒவ்வொன்றாக. மழையும் அட்டையும் கூடவே. சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். பாயசத்தில் மணக்கிற ஏலக்காய்க்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பனியா, ஜீப்பா? ஆவணப்படம் எடுக்க வருகிற மாணவருக்கு முதல் கேள்வியே இதுதான்.

இதற்குப் பதில் சொன்னவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அமுதன் 2003-ல் எடுத்த 'பீ' 26 நிமிடப் படம். ஒரு தெரு, அதைத் தினமும் சுத்தம் செய்கிற ஒரு பெண், அவ்வளவுதான். பெரிய செட்டப் எதுவும் கிடையாது. கேமரா அந்தம்மா பின்னாலேயே போகிறது. பார்க்கிறவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை.

இன்னொருவர் திவ்யபாரதி. சட்டம் படித்தவர். 2009-ல் மாணவியாக இருந்தபோது, விடுதியில் பாம்பு கடித்து ஒரு தலித் மாணவர் இறந்ததைக் கண்டித்துப் போராடினார், வழக்கு பதிவானது. பிறகு தமிழ்நாடு முழுக்கச் சுற்றி, மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பேச வைத்து 'கக்கூஸ்' எடுத்தார். அதைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது, படம் வந்தது 2017-ல். சட்டம் இல்லை என்று சொன்னதைப் படம் இருக்கிறது என்று காட்டியது. பல இடங்களில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை, யூடியூபில் போட்டார். அதே வருடம் ஜூலையில் அந்தப் பழைய 2009 வழக்கில் கைது, பிறகு ஜாமீன். ஒரு படத்துக்கு இவ்வளவு விலையா என்று தோன்றும். அவர் நிறுத்தவில்லை. ஒக்கி புயலில் கரை திரும்பாத மீனவர்களைப் பற்றி 'ஒருத்தரும் வரல' 2018-ல் வந்தது.

இந்த மலைத்தொடருக்கும் ஒரு படம் உண்டு. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). கதைப்படம்தான், ஆனால் ஏலக்காய் மூட்டை சுமந்து மலை இறங்குகிற ஒருவன் கையகல நிலத்துக்கு ஏங்குவதை அது சொன்ன விதம் பல ஆவணப்படங்களுக்குப் பாடம். உள்ளூர் ஆட்களே நிறையப் பேர் நடித்ததால் மலைக்காரர்கள் மலைக்காரர்களாகவே தெரிந்தார்கள்.

இன்றைக்கு கேமரா ஒரு பிரச்சினையே இல்லை, மொபைலே போதும். பிரச்சினை வேறு. கூலிக்குப் போகிற பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேட்டி என்றால், அது அவருடைய கூலி நேரம். கங்காணி பக்கத்தில் நின்றால் உண்மை வாயில் வராது. "அக்கா, எடுக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் கேமராவை மூடத் தெரிய வேண்டும். நாலு நாள் கேமரா இல்லாமல் அதே ஜீப்பில் போய் வந்தால் ஐந்தாவது நாள் அவர்களே பேசுவார்கள்.

படம் முடிந்ததும் முதல் காட்சி கல்லூரி ஆடிட்டோரியத்தில் வேண்டாம். போடியில் அவர்கள் தெருவிலேயே ஒரு வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டலாம். "இது நாங்க இல்லையே" என்று அவர்கள் சொல்லிவிட்டால் எடிட்டிங் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.