கடைசி இடத்தில் நம் பினாங்கு

10 ஜனவரி 2017

சூரிக்கில் நடந்த ஃபிஃபா விருது விழாவைப் பார்க்கத் தூங்காமல் விழித்திருந்தேன். நம் பினாங்குக் குழு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி மேடையேறி, பிரேசிலின் ரொனால்டோ கையால் ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை வாங்கினார். ஆசியர் ஒருவருக்கு இது கிடைப்பது இதுவே முதல் முறை. எழுதி வைத்திருந்த உரையைக் கைப்பேசியில் தேடி அவர் தடுமாறியபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்தக் கோல் போன ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி, டத்தோ கெராமாட் சாலைப் பக்கமுள்ள நம் சிட்டி ஸ்டேடியத்தில், பாஹாங்குக்கு எதிராக விழுந்தது. ஒரு பக்கம் போன பந்து காற்றிலேயே திசைமாறி மறுபக்க மேல்மூலையில் புகுந்தது. கோல்காவலர் என்ன செய்வார், பாவம்.

காலையில் ஆயர் ஈத்தாம் பசாரில் பசியாற உட்கார்ந்தால் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லார் வாயிலும் ஃபைஸ்தான். அவர் கெடாக்காரர் என்று யாரும் நினைவூட்டவில்லை. பெரியப்பா மட்டும், "விருது சரி, இந்த வருஷம் பின்வரிசைக்கு யாரு?" என்று கேட்டார். 1974-இல் மலேசியக் கிண்ணம் வந்தபோது இளைஞராக இருந்தவர். அதற்குப்பின் அந்தக் கிண்ணம் பினாங்குக்கு வரவே இல்லை.

9 பிப்ரவரி

தைப்பூசம். வெள்ளித் தேரோடு தங்கத் தேரும் இவ்வாண்டு முதன்முறையாக ஊர்வலம் வந்தது. தண்ணீர்மலைக் கூட்டத்தில் ஒரு பையன் நம் குழுவின் மஞ்சள்-நீலச் சட்டை போட்டிருந்தான். முதுகில் நம் சின்னமான கருஞ்சிறுத்தை. முருகனிடம் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

21 மே

நேற்று ஷா ஆலாமில் கெடா 3-2 என்று பாஹாங்கை வென்று எஃப்ஏ கிண்ணத்தைத் தூக்கியது. அலோர் ஸ்டாரில் வெடி வெடித்திருப்பார்கள். இங்கே நாங்கள் லீக் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறோம்.

2015-இல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் கெடா முதலாவது, நாம் இரண்டாவது. கைகோத்துத்தான் சூப்பர் லீக்குக்கு ஏறினோம். கெடா நேராகக் கிண்ணங்களுக்குப் போய்விட்டது. போன ஆண்டு திரங்கானுவும் போலீஸ் குழுவான பிடிஆர்எம்மும் இறங்க, நாம் தப்பிப் பிழைத்தோம். அந்தத் தப்பித்தலைத் திறமை என்று எண்ணிவிட்டோமோ என்ற கவலை எனக்கு. உலகமே பார்த்த ஒரு கோல் கையில் இருந்தபோது, வாராவாரம் வாங்கிய கோல்களைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வரவில்லை.

2 ஜூலை

ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்றுநராக வந்தபோது மகிழ்ந்தவன் நான். பெங்களூரு எஃப்சியை இரண்டு முறை ஐ-லீக் வாகையராக்கிய இங்கிலாந்துக்காரர். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு குழுவைக் கட்டியவர். இங்கே அவருக்கு ஒரு பருவம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. இப்போது பொறுப்பு ஜைனால் அபிடின் ஹசானிடம். பாஹாங்கோடு 2014-இல் மலேசியக் கிண்ணம் வென்றவர். நல்ல பயிற்றுநர்தான். ஆனால் வேறொருவர் பொறுக்கிய ஆட்டக்காரர்களை வைத்து, வேறொருவர் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தை மாற்ற வேண்டும், அதுவும் தோற்றுக்கொண்டிருக்கும்போது.

லீக்கில் 12 குழுக்கள், 22 ஆட்டங்கள், கடைசி இரண்டும் இறங்கும். கணக்கு இவ்வளவுதான். இந்தச் சிறிய லீக்கில் தொடக்கத்தில் ஐந்தாறு ஆட்டம் நழுவினால், பிறகு ஒவ்வொரு சமநிலையும் தோல்வியாகவே கணக்காகிறது. சமநிலைக்கு ஒரு புள்ளி, வெற்றிக்கு மூன்று. கீழே கிடப்பவனுக்கு வெற்றி வேண்டும். வெற்றிக்காக முன்னே ஏறினால் பின்னால் திறந்துவிடுகிறது. கடைசி கால் மணி நேரத்தில் நம் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கும்போது, கால்களைவிட மனம்தான் முதலில் களைத்துப்போயிருக்கிறது.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும். நம் நாட்டில் மாநிலக் குழுக்கள் பெரும்பாலும் மாநில அரசின் கையையும் ஆதரவாளர் நிறுவனங்களின் கையையும் பார்த்துத்தான் பிழைக்கின்றன. ஆட்டக்காரர் பலருக்கும் ஒப்பந்தம் ஓராண்டுதான். ஆண்டு முடிந்தால் பாதிக் குழு மூட்டை கட்டும். ஜனவரியில் புது முகங்கள். அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்று தெரியாத ஆட்டக்காரனிடம் ஊருக்காக உயிரைக் கொடு என்று கேட்பது நியாயமில்லை. ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குக் கீழும் ஃபார்லிம் திடலிலும் மாலையில் பந்து உதைக்கும் பையன்களில் இரண்டு பேரை மூன்றாண்டு வைத்து வளர்த்தால் போதும், இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவரின் செலவு மிஞ்சும் என்பது என் துணிபு.

30 ஆகஸ்ட்

தென்கிழக்காசிய (சீ) விளையாட்டின் கால்பந்து இறுதியாட்டத்தில் மலேசியா தாய்லாந்திடம் 0-1. நம் கோல்காவலர் கையாலேயே விழுந்த கோல். அந்த இளைஞரை யாரும் ஏசக் கூடாது.

22 அக்டோபர்

தீபாவளிப் பலகாரம் இன்னும் தீரவில்லை. நேற்று தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து தொழிலாளர்கள் புதைந்துபோனார்கள். பந்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

29 அக்டோபர்

பருவம் நேற்று முடிந்தது. பினாங்கு 12-ஆவது. சரவாக் 11-ஆவது. இருவரும் பிரிமியர் லீக்குக்கு இறங்குகிறோம். ஜொகூர் டாருல் தாக்சிம் தொடர்ந்து நான்காவது முறையாக லீக்கை வென்றது.

கெராமாட் முழக்கம் என்று பேர் பெற்ற திடல் நம் சிட்டி ஸ்டேடியம். இந்த ஆண்டு அங்கே இருக்கைகள் காலியாகிக்கொண்டே வந்தன; ஆனாலும் அல்ட்ராஸ் ரசிகர் பிள்ளைகள் முரசை விடவில்லை. தோற்ற குழுவுக்காகத் தொண்டை கட்டும்வரை பாடியவர்களுக்கு நிர்வாகம் ஒரு விளக்கம் சொல்லக் கடன்பட்டிருக்கிறது. யாரை ஏன் எடுத்தோம், யாரை ஏன் அனுப்பினோம், பணம் எங்கே போதவில்லை என்று பேர் போட்டுச் சொல்லட்டும்.

5 நவம்பர்

நேற்று மாலையிலிருந்து நிற்காத மழை, பேய்க்காற்று. தீவின் பாதி தண்ணீரில். ஆயர் ஈத்தாம் ஆறு பொங்கி வந்துவிட்டது. மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. இதே இரவில் ஷா ஆலாமில் ஜொகூர் 2-0 என்று கெடாவை வென்று மலேசியக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டதாம். மின்சாரம் இல்லாததால் காலையில்தான் தெரிந்தது.

பெரியப்பா வீட்டில் சேறு வாரிக்கொண்டே பேசினோம். 2013-இல் நாம் மூன்றாம் நிலையில், எஃப்ஏஎம் லீக்கில் கிடந்தோம். மூன்றே ஆண்டில் சூப்பர் லீக்கில் நின்றோம். "ஏறத் தெரியுது, நிக்கத்தான் தெரியல" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டுக் குழுவில் எத்தனை பினாங்குப் பையன்கள் இருப்பார்கள் என்று பட்டியல் வந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும்.