எண்ணத் தெரிந்தால் போதுமா?

செப்டம்பர் 13, 2025, சனி. பாலக்கோடு.

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ராத்திரி பஸ்ஸில் வந்திறங்கினான். காலையில் காபி குடித்த கையோடு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “மாமா, பிளாக்ஜாக்ல சீட்டை எண்ணத் தெரிஞ்சா ஜெயிச்சிரலாம். தீபாவளி போனஸ் வந்ததும் கோவா போறோம்.”

செய்தும் காட்டினான். 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் ஒன்று கூட்டு. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. 7, 8, 9 கணக்கில் இல்லை. கட்டைவிரலால் சீட்டைத் தள்ளத் தள்ள உதடு மட்டும் அசைந்தது. 52-வது சீட்டில் சரியாகச் சைபர். எண்ணிக்கை ஏறினால், ஆடுபவனுக்குச் சாதகமான பெரிய சீட்டுகள் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். அதை மிச்சமுள்ள கட்டுகளால் வகுத்து, விடை பெரிதாக இருந்தால் பந்தயத்தை ஏற்ற வேண்டும்.

புருடா இல்லை. எட்வர்ட் தார்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஐபிஎம் 704 கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்து, சீட்டு எண்ணி ஜெயிப்பதை 1962-ல் புத்தகமாகவே போட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு.

“எண்ணினா எவ்வளவுடா சாதகம்?”

“நூத்துக்கு ஒரு ரூபா, மாமா.”

நன்றாக ஆடுபவனுக்கு அவ்வளவுதான் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் நான் நடத்தும் திட்ட விலக்கத்தை, அதாவது முடிவு சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப்போகும் என்ற அளவை, எடுத்தேன். பிளாக்ஜாக்கில் ஒரு ஆட்டத்தின் திட்ட விலக்கம், பந்தயத்தைப் போல ஏறக்குறைய 1.15 மடங்கு. பந்தயம் 100 ரூபாய் என்றால் 100 ஆட்டத்தில் எதிர்பார்க்கும் லாபம் 100 ரூபாய். திட்ட விலக்கமோ 1,150 ரூபாய். அதாவது, பிழையே இல்லாமல் எண்ணினாலும் அன்றைக்குக் கையைக் கடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

லாபம் ஆட்டங்களின் எண்ணிக்கையோடு ஏறும். விலக்கம் அதன் வர்க்கமூலத்தோடுதான் ஏறும். அதனால் 10,000 ஆட்டம் ஆடினால் லாபம் 10,000, விலக்கம் 11,500. அப்போதும் ஐந்தில் ஒருவன் நஷ்டத்தில்தான் நிற்பான். மணிக்கு 70 ஆட்டம் என்றாலும் 140 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது ஒரே பந்தயம் வைத்துப் போட்ட கணக்கு. எண்ணுபவன் பந்தயத்தை ஏற்றி இறக்குவதால் ஆட்டம் இன்னும் அதிகம் தேவைப்படும். நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், “அப்ப கையில எவ்வளவு வச்சிருக்கணும்?” என்றான். அதுதான் கேள்வி.

செப்டம்பர் 17, புதன்.

செல்போனில் கேட்டான்: “ஆன்லைன்ல எண்ணலாமா?” கணினியே சீட்டுப் போடும் பிளாக்ஜாக்கில் பொதுவாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டைப் புதிதாகக் கலைத்துவிடுகிறார்கள். போன சீட்டு திரும்பவும் வரும். எண்ணி என்ன பிரயோஜனம்? கோவாவில் மாண்டவி ஆற்றுக் காசினோ கப்பலில் நிஜச் சீட்டுதான் என்றாலும், எண்ணுகிறான் என்று சந்தேகம் வந்தால் பாதியிலேயே கலைத்துவிட எந்தத் தடையும் இல்லை.

நம்மூர்ப் பையன்களைப் பிடித்தது பிளாக்ஜாக் இல்லை, ரம்மி. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் அது திறமை ஆட்டம் என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை ரத்து செய்தது. போன மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் தடை போடுகிறது.

செப்டம்பர் 20, சனி.

தக்காளி மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். வருஷ சராசரி விலை நன்றாக இருந்தாலும், கடன் தவணை வரும் வாரத்தில் விலை விழுந்தால் விவசாயிக்குச் சராசரி சோறு போடாது. சீட்டாட்டத் திறமையும் அப்படித்தான். அது பலன் தரும் வரை தாக்குப்பிடிக்கக் கையில் பணம் வேண்டும். அந்தப் பணம் சம்பளக்காரனிடம் இல்லை. ஆட்டம் நடத்துகிறவனிடம் இருக்கிறது.

ஆகவே தம்பிகளே, “எனக்கு ஆடத் தெரியும்” என்பதை ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள். ஆடத் தெரிந்தவனும் தோற்பான் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வாடகைக்கும் வட்டிக்கும் வைத்த காசு அந்தக் கணக்கைத் தாங்காது.